பழுதுபார்ப்பில் உள்ளது

முதல்வர் புவனேஸ்வரன் பேசி முடித்த பிறகு மைக்கேல் பேச வேண்டும். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் அப்படித்தான்.

முதல்வர் கல்லூரியின் கொள்கையைச் சொல்வார். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்கள், பிள்ளைகளை வளர்த்து முடித்த பிறகு புத்தகத்தைத் திறப்பவர்கள், இவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி இது என்பார். "இங்கே யாரும் தாமதமாக வருவதில்லை" என்று மூன்று மொழிகளிலும் சொல்வார். கை தட்டுவார்கள்.

பிறகு மைக்கேல் எழுந்து நூலக விதிகளைச் சொல்வான். மலாயில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. பையை வெளியே வைக்க வேண்டாம். உள்ளே கேமரா கிடையாது. மாணவர்களை நம்புவது இந்தக் கல்லூரியின் வழக்கம். சிவப்புப் பட்டை ஒட்டிய புத்தகங்கள் மட்டும் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. உள்ளே உட்கார்ந்து படித்துவிட்டு முகப்பு மேசைக்குப் பக்கத்துத் தட்டில் வைத்துவிட வேண்டும். தனக்கு வேண்டும் என்று வேறு இடத்தில் ஒளித்து வைப்பது திருட்டு. முடிவில் ஒரு நகைச்சுவை வைத்திருந்தான். யாரும் தாமதமில்லை, புத்தகம் மட்டும் தாமதமாக வரக்கூடாது.

இந்த ஆண்டு அந்த நகைச்சுவைக்குப் பின்வரிசையில் இருந்து ஒரு பெண்குரல் முதலில் சிரித்தது. அவன் மனைவி அமலம்மாள். வீட்டில் அவன் ஒத்திகை பார்த்ததை ஏற்கெனவே கேட்டவள்தான். ஆனாலும் சிரித்தாள்.

அவள் பாயான் பாருவில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்தாள். பன்னிரண்டு ஆண்டு. அழுகிற பிள்ளையைத் தூக்குவது, கை கழுவிவிடுவது, மதியம் தூங்க வைப்பது, ஆசிரியை வராத நாளில் பாடமும் நடத்துவது. அரசாங்க விதி மாறிவிட்டது. டிப்ளோமா இல்லாதவர்கள் வகுப்பறையில் இருக்கக் கூடாது. பள்ளியை நடத்தும் ரொஸ்னா நல்ல மாதிரி. இந்த ஆண்டு முடியும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். அமலம்மாள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். எல்லாத் தாளும் தேறிவிட்டது. குழந்தை வளர்ச்சி என்கிற ஒரு தாள் மட்டும் முதல் முறை போய்விட்டது. அதை இந்தத் தவணை மறுபடி எழுத வேண்டும். தேறினால் வேலை இருக்கும்.

அந்தத் தாளுக்கு ஒரே புத்தகம்தான். தடித்த ஆங்கிலப் புத்தகம். நூலகத்தில் முன்பு இரண்டு பிரதி இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மூடும்போது எடுத்துப் போய் மறுநாள் காலை திருப்பித் தரலாம் என்றும் இருந்தது. அப்படி எடுத்துப் போன ஒன்று திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு தலைமை நூலகர் லோகேஸ்வரி இரவல் முறையை நிறுத்தினார். மிஞ்சிய பிரதியில் சிவப்புப் பட்டை ஒட்டியது மைக்கேல்.

ஷெரிலுக்கும் அந்தத் தாள் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள். பகல் வகுப்பில் உளவியல் படித்தாள். காலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஜெலுத்தோங் கடற்கரைச் சாலை வழியாக டவுனுக்கு வருவாள். ஊழியர் பிள்ளை என்பதால் பாதிக் கட்டணம் தள்ளுபடி. ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் ஒன்று வந்தால் தள்ளுபடி போய்விடும்.

தவணை தொடங்கிய புதிதில் ஒரு நாள் அமலம்மாள் நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, அந்தச் செவப்பு ஒட்டுன புத்தகம் இருக்குல்ல. வெள்ளிக்கெழம சாயங்காலம் கொண்டாந்துட்டு திங்கக்கெழம கொண்டு போயிருங்களேன்."

"செவப்புப் பட்ட வெளிய போவாது."

"தெரியும். நீங்கதான மைக்குல சொன்னீங்க. அதான் ஒங்ககிட்டயே கேக்குறேன்."

"நானே எடுத்தா நாளைக்கு மத்த பிள்ளைங்கள எப்படிக் கேக்குறது?"

"யாருக்குத் தெரியப் போவுது லா."

"எனக்குத் தெரியும்ல."

அவள் நெத்திலித் தலைகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பூனைக்கு.

"சரி விடுங்க. நோட்ஸ் இருக்கு. அது போதும்."

அவன் அதை நம்பினான். அவள் போதும் என்று சொன்னால் போதும் என்றுதான் இத்தனை ஆண்டும் எடுத்துக்கொண்டிருந்தான்.

மைக்கேலுக்கு வேலை காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. வந்ததும் முதல் வேலை அலமாரி பார்ப்பது. நூலகம் ஒரு பழைய பங்களாவின் மாடி. பலகைத் தரை. காலை வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக நேராக உள்ளே வரும். அவன் ஒவ்வொரு தட்டாக, புத்தகங்களின் முதுகில் விரலை வைத்து, எண்ணைப் பார்த்துக்கொண்டே போவான். மாறி இருப்பதை உருவி அதன் இடத்தில் வைப்பான். இடம் மாறிய புத்தகமும் தொலைந்த புத்தகமும் ஒன்றுதான் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வான். இருபத்தேழு ஆண்டில் விரல் நுனி வழவழப்பாகிவிட்டது. கைப்பேசி அவனுடைய கட்டைவிரலை அடையாளம் காண்பதில்லை.

கடைசி அலமாரி தமிழ். யாரோ இறந்துபோன வீட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கொடுத்தவை. அந்த அலமாரியைப் பற்றி ஒரு நாள் சாப்பிடும்போது வீட்டில் சொன்னான்.

"ஒருத்தனும் தொடுறதில்ல. தூசி தட்டுறது நான் ஒருத்தந்தான். பின்னாடி ஒரு கை உள்ள போற அளவுக்கு எடம் கெடக்கு. பல்லி முட்ட வச்சிருக்கு."

"பல்லியாச்சும் படிக்குதே" என்றாள் அமலம்மாள்.

ஷெரில் சிரித்தாள். மூவரும் சிரித்தார்கள். கங்கோங் கீரையும் சார்டின் குழம்பும். அது ஏப்ரலில்.

மே கடைசியில் அந்தத் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பின்னால் அவன் கைக்குச் சிவப்புப் பட்டை தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தான். குழந்தை வளர்ச்சி.

அவன் அங்கேயே நின்றான். இந்த இடம் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. வீட்டில் சொன்னது நினைவுக்கு வந்தது. சிரித்த மகளின் முகம் நினைவுக்கு வந்தது.

விதிப்படி லோகேஸ்வரியிடம் போய்ச் சொல்ல வேண்டும். யார் என்று தெரிந்தால் பெயரையும் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. மகளிடம் கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாள். பொய் சொல்லி வளர்ந்த பிள்ளை இல்லை. அவள் ஆமாம் என்று சொன்ன பிறகு அவனுக்குத் தெரியும். தெரிந்த பிறகு சொல்லாமல் இருக்க அவனுக்கு வராது.

அதனால் கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்து முகப்புத் தட்டில் வைத்தான்.

இரண்டு நாள் கழித்து மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது அது மறுபடியும் அங்கே இருந்தது. இந்த முறை இன்னும் உள்ளே, படுக்கை வாக்கில். அவன் எடுத்து வைத்தான். மூன்றாம் முறை மலாய்ச் சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கண்டுபிடித்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த வாரம் புத்தகத்தைக் கேட்டு நான்கைந்து பேர் மேசைக்கு வந்தார்கள். இடம் மாறியிருக்கும், தேடித் தருகிறேன் என்றான். சொல்லும்போது கூச்சமாக இருந்தது. தன் பிள்ளை மற்றவர் பிள்ளைகளின் சோற்றில் கை வைக்கிறாள் என்று நினைத்தான்.

புத்தகத்தின் முதுகு கொஞ்சம் விட்டிருந்தது. இன்னும் ஒரு தவணை தாங்கும். ஆனால் விட்டிருந்தது உண்மை. பழுதான புத்தகத்தைப் புழக்கத்திலிருந்து எடுத்து வைக்கலாம். அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த வேலை அவனுடையது.

அவன் புத்தகத்தைப் பின்னறைக்குக் கொண்டு போனான். கணினியில் "பழுதுபார்ப்பில் உள்ளது" என்று மாற்றினான். ஏற்கெனவே அங்கே பன்னிரண்டு புத்தகங்கள் அடுக்கி இருந்தன. அதை அடியில் வைத்தான். வரிசைப்படிதான் செய்ய வேண்டும். வரிசைப்படி செய்தால் தேர்வு முடிந்த பிறகுதான் அதன் முறை வரும்.

தினமும் ஒன்று செய்தான். பழைய பசையைச் சுரண்டி எடுப்பான். வெள்ளைப் பசையை ஐஸ்கிரீம் குச்சியால் சீராகத் தடவுவான். துணிப்பட்டையை ஒட்டி, விரலால் நீவி, மேலே செய்தித்தாளில் சுற்றிய செங்கல்லை வைப்பான். ஒரு நாள் காய வேண்டும். அவசரப்பட்டால் தாள் சுருங்கும். அவன் அவசரப்படவில்லை.

மாலை ஐந்துக்கு ஸுல்கிஃப்லி வருவான். இரவு ஒன்பது வரை அவனுடைய நேரம். அம்மா வழியில் தமிழ் முஸ்லிம். அம்மாவின் தமிழ்தான் பேசுவான்.

"அண்ணே, அந்தப் புக்கு எப்ப ரெடியாவும்? ஈவ்னிங் கிளாஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"வரிசையில இருக்கு."

"கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போட முடியாதா?"

"ஒண்ணத் தள்ளுனா எல்லாத்தயும் தள்ளணும்."

ஸுல்கிஃப்லி சாவிக் கொத்தை மேசையில் வைத்தான்.

"வீட்டுல ஒண்ணும் கேக்கலியா அண்ணே?"

மைக்கேல் தலைக்கவசத்தை மாட்டினான். ஷெரில் இவனிடமும் கேட்டிருக்கிறாள் என்று நினைத்தான்.

"வீட்டுல கேட்டா? வீட்டுக்கு ஒரு ரூல்சு, வெளிக்கு ஒரு ரூல்சா?"

"ரொம்பக் கெராஸ் லா நீங்க, கல்லு மாதிரி" என்றான் ஸுல்கிஃப்லி. "என் பொண்டாட்டியா இருந்தா எனக்கு வெளியதான் தூக்கம்."

மைக்கேல் அதைப் பொதுவான பேச்சாக எடுத்துக்கொண்டான். மழை வருமுன் பாலத்தடிச் சந்திப்பைத் தாண்ட வேண்டும். கிளம்பிவிட்டான்.

அவன் வீடு வரும் நேரத்தில் அமலம்மாள் டவுனுக்குப் போகும் பேருந்தில் இருப்பாள். வகுப்பு ஏழரைக்கு. நான்கரைக்கே கிளம்பிவிடுவாள். பேருந்து நெரிசல் என்று சொல்லியிருந்தாள். எதிர்ப்பக்கம் போகும் பேருந்துகளை அவன் பார்ப்பான். எதில் அவள் இருக்கிறாள் என்று தெரியாது. சோறு ஆக்கி, குழம்பு வைத்து, மூடி வைத்திருப்பாள். மூடிமேல் ஒரு தட்டு. தட்டின்மேல் உரல்குழவி. பூனைக்காக.

வகுப்பில்லாத ஒரு நாள் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மீன் குழம்பு. வெளியே மழை. ஐந்தாம் மாடி நடைபாதையில் சாரல் அடித்தது.

"பா" என்றாள் ஷெரில். "அந்த சைல்ட் டெவலப்மெண்ட் புக்கு எப்ப வரும்?"

"வேல இருக்கு. வரும்."

"எக்ஸாமுக்கு முன்னாடியா?"

"தெரியாது."

"நீங்கதான பண்றீங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவன் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தது போலிருந்தது.

"எல்லாப் பிள்ளைங்களும் புக்கு இல்லாமத்தான் எழுதப் போவுது. ஒரு வீட்டுக்கு மட்டும் என்னா ஸ்பெஷலு? ஒளிச்சு வச்சுப் படிச்சுப் பாஸ் பண்ணணும்னு இல்ல. அப்படிப் பாஸ் பண்றதுக்குப் பண்ணாமயே இருக்கலாம்."

ஷெரில் அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"கேக்காத" என்றாள் அமலம்மாள்.

"மா, அது வந்து..."

"கேக்காதன்னு சொல்றேன்ல. சோத்தத் தின்னு."

அமலம்மாள் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். குழம்பை ஊற்றினாள். அவன் அதையெல்லாம் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதை யார் பெயரையும் சொல்லாமல் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியில் சாப்பிட்டான். ருசியாக இருந்தது. அப்படியே அவளிடம் சொன்னான்.

"ம்" என்றாள்.

அதற்குப் பிறகு வகுப்பு நாட்களில் அவள் ஆறு மணிக்குத்தான் கிளம்பினாள். அவன் வீட்டுக்கு வரும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். நெரிசல் குறைந்துவிட்டதா என்று கேட்டான். குறைந்துவிட்டது என்றாள்.

தேர்வு நடந்தது. அதற்கடுத்த வாரம் பழுதுபார்ப்பில் அந்தப் புத்தகத்தின் முறை வந்தது. அவன் அதற்கு இரண்டு அடுக்குத் துணி வைத்து ஒட்டினான். மற்றவற்றைவிட நன்றாக வந்தது.

முடிவுகள் ஜூலையில் ஒரு சனிக்கிழமை கைப்பேசிக்கு வந்தன. மைக்கேல் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். ஷெரில் வந்து கதவருகில் நின்றாள்.

"பாஸ் பா. ஏ."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். இத்தனை வாரமும் உள்ளே வைத்திருந்ததை இனிச் சொல்லலாம் என்று தோன்றியது.

"பாத்தியா? அந்தப் புக்கு இல்லாமலே ஏ எடுத்துட்ட. நான் எடுத்து எடுத்து வச்சது நல்லதாப் போச்சா இல்லியா?"

ஷெரில் கைப்பேசியைத் தாழ்த்தினாள்.

"எனக்கு எதுக்குப்பா புக்கு? முதல் மாசமே வேண்டிய பக்கத்த எல்லாம் போன்ல படம் புடிச்சு வச்சுட்டேன். அது அம்மாவுக்கு."

"என்னாது?"

"அம்மாவால போன்ல படிக்க முடியல. தல சுத்துதுன்னாங்க. ஈவ்னிங் கிளாஸ் ஆளுங்க வர்றதுக்குள்ள புக்க வேற யாராச்சும் எடுத்துர்றாங்க. அதான் நான் மத்தியானமே எடுத்து உள்ள வச்சுருவேன். அம்மா அஞ்சேமுக்காலுக்கு வந்து ஏழரை வரைக்கும் படிப்பாங்க. அந்த எடத்தச் சொன்னதே அம்மாதான். நீங்க சாப்பாட்டுல சொன்னீங்களே, பல்லி முட்ட."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அம்மாதான் சொல்லக் கூடாதுன்னாங்க. தெரிஞ்சா நீங்க ரிப்போட் பண்ணணும், பண்ணலன்னா ஒங்க வேலைக்குப் பிரச்சனன்னு." அவள் குரல் உடைந்தது. "நீங்க மட்டும் ஏன் கேக்கல? மூணு தடவ எடுத்தீங்களே. ஒரு தடவ கேட்டிருந்தா?"

அவன் குழாயைப் பார்த்தான். சொட்டு நின்றிருந்தது.

"அம்மா?"

"பெயில்."

அமலம்மாள் நடைபாதையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மூங்கில் கழியிலிருந்து ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டாள். கீழே பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போடுகிறவர்கள் கூடாரக் கம்பிகளை இறக்கும் சத்தம் கேட்டது. மைக்கேல் போய்ப் பக்கத்தில் நின்றான். அவன் சட்டையைத்தான் அவள் மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஷெரில் சொன்னா" என்றான்.

"ம்."

"ரொஸ்னாகிட்ட பேசலாம். இன்னொரு தவணை கேக்கலாம்."

"அவ வேற ஆளப் பாத்துட்டா. போன மாசமே சொல்லிட்டேன், எனக்குக் கெடைக்காதுன்னு. பாவம், அவ எத்தன நாளு காத்திருப்பா. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. பிள்ளைங்க பேரெல்லாம் எழுதிக் குடுத்துட்டு வந்தேன். எவனுக்குக் கடல ஆகாது, எவ தூங்கும்போது காதப் புடிச்சுக்குவா, எல்லாம்."

"போன மாசமேயா? ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே?"

"எழுதுனவளுக்குத் தெரியாதா?"

அவள் ஒரு துண்டை உதறினாள்.

"அமலா. நான் ஷெரில்னு நெனச்சேன்."

அவள் கை நின்றது.

"என்ன நெனச்சீங்க?"

"ஷெரில்தான் ஒளிச்சு வைக்கிறான்னு. கேட்டா லெட்டர் குடுத்துருவாங்க, தள்ளுபடி போயிரும். அதான் கேக்காமலே எடுத்து வச்சேன். ஒனக்குன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாது."

"சத்தியமா."

அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள். கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்திருந்தான். அவள் முகத்தில் கோபம் வடிந்துகொண்டிருந்தது. வடிந்த இடத்தில் வேறொன்று வந்தது. அதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஸுல்கிஃப்லிதான் சொன்னான், ஒங்க வீட்டுக்காரருதான் ரிப்பேருக்கு எடுத்து வச்சிருக்காருன்னு" என்றாள். "சரி, தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். பொண்டாட்டின்னும் பாக்கல, ரூல்சுன்னா ரூல்சு, அப்படித்தான் இந்த மனுசன்னு நெனச்சேன். ராத்திரி அந்த மீன் சோத்துல நீங்க பேசுனீங்களே, ஒரு வீட்டுக்கு மட்டும் என்னா ஸ்பெஷலுன்னு. என்னத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். அன்னைலருந்து படிக்கவே ஓடல. அவ்வளவு கோவம். சோத்துல மண்ண அள்ளிப் போடலாமான்னு இருந்துச்சு."

"போட்டிருக்கலாம்."

"ஆனா என்னன்னா" என்று சொல்லி நிறுத்தினாள். கீழே யாரோ ஜெனரேட்டரைப் போட்டார்கள். அது ஓடி நின்றது. மறுபடி ஓடியது. "என்ன நெனச்சுத்தான் செஞ்சீங்கன்னு இருந்துச்சு. கெட்டதோ நல்லதோ, என்ன நெனச்சு. இப்பச் சொல்றீங்க, நெனப்பே இல்லன்னு."

"அப்படி இல்ல அமலா."

"அப்படித்தான். அந்தப் பாடத்த வீட்டுல ரெண்டு பேரு எழுதுறோம். அதுல ஒருத்தி பெயிலான ஆளு. புக்கு காணாமப் போனா பாஸாவுற பிள்ள மேலயா சந்தேகம் வரும்? நான் படிப்பேன்னே ஒங்களுக்குத் தோணல."

அவன் கழியைப் பிடித்துக்கொண்டான்.

"நீ நோட்ஸு போதும்னியே."

"சொன்னேன்" என்றாள். "நீங்க முடியாதுன்னதுக்கு அப்புறம் சொன்னேன்."

துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் சட்டையும் அதில் இருந்தது. இரவில் எப்போதும்போல அலமாரியில் மாட்டியிருந்தாள்.

ஆகஸ்டில் அவள் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சிற்றுண்டிச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். காய் நறுக்குவது. காலை ஐந்தரைக்கு வேன் வரும். பிள்ளைகளைப் பற்றி வீட்டில் பேசுவது நின்றுவிட்டது. அதற்குமுன் ஒரு நாள்கூட அவள் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை என்பது நின்ற பிறகுதான் மைக்கேலுக்குத் தெரிந்தது.

அவன் முதல்வரைப் போய்ப் பார்த்தான். இரவல் முறையை மாலை வகுப்பினருக்கு மட்டுமாவது திரும்பக் கொண்டு வரலாம் என்றான். புவனேஸ்வரன் முழுவதும் கேட்டார். நல்ல யோசனை, கல்லூரியின் கொள்கையும் அதுதானே என்றார். அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். லோகேஸ்வரி, புத்தகம் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். நான் என்றான் மைக்கேல். அவர் அவனை வியப்பாகப் பார்த்தார். சிவப்புப் பட்டையை ஆதரித்துக் கூட்டத்தில் அதிகம் பேசியவன் அவன்தான். செப்டம்பரில் விதி மாறியது. மாலை வகுப்பினர் வெள்ளி எடுத்துத் திங்கள் தரலாம். புதிய தவணைத் தொடக்கத்தில் மைக்கேல் அதையும் சேர்த்துச் சொன்னான். நகைச்சுவையைச் சொல்லவில்லை.

அமலம்மாளின் பெயர் அப்போதும் மாணவர் பட்டியலில் இருந்தது. மூன்றாம் முறை எழுதலாம். தேர்வுக்குப் பதிய வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று அவன் புத்தகத்தை அவள் பெயரில் பதிந்து, பையில் வைத்து எடுத்து வந்தான். தன் கையால் ஒட்டிய முதுகு. இப்போது வெளியே வரலாம். எந்த விதியையும் மீறவில்லை.

அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் வெங்காயம் நறுக்கிவிட்டு வந்து வீட்டுக்கும் நறுக்குகிறாள். அவன் புத்தகத்தை மேசையில் வைத்தான்.

"என்னா இது?"

"ரூல்சு மாத்தியாச்சு. திங்கக்கெழம வரைக்கும் வச்சுக்கலாம். ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஆன்லைன்ல பதிஞ்சுக்கலாம், ஷெரில் பண்ணித் தருவா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புத்தகத்தைத் தூக்கவில்லை. முதுகில் இருந்த துணிப்பட்டையை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லா ஒட்டியிருக்கீங்க."

"படிக்கிறியா?"

"வேலைக்கு எதுக்குங்க? வெங்காயம் நறுக்கவா?"

"வேலைக்கு இல்ல. சும்மா."

"சும்மா படிக்கிற நேரத்துக்குத் தூங்குவேன். அஞ்சரைக்கு வேனு."

அவன் நின்றான். மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. பல முறை. ஒவ்வொரு முறையும் அவள் சரி என்றிருந்தாள்.

"இந்தத் தவணை யாரு யாரு எழுதுறாங்க, அந்தப் பாடத்த?" என்று கேட்டாள்.

"ஈவ்னிங்ல ஆறேழு பேரு."

"அதுல நூருல் இருக்காளா? போன தவணை எங்கூட எழுதுனா. கையில பிள்ளையோட வருவா."

"இருக்கா. நேத்து சாயங்காலம் வந்து கேட்டாளாம்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மலைப்பக்கம் கறுத்திருந்தது.

"இன்னிக்கு வெள்ளிக்கெழம. அவ வேல முடிஞ்சு இப்பத்தான் வருவா. ஒம்போது மணி வரைக்கும் தொறந்திருக்கும்ல?"

"இருக்கும்."

"கொண்டுபோயி வச்சிருங்க."

"அமலா..."

"போங்க. தேடிட்டிருப்பா."

அவள் திரும்பிப் போய் வெங்காயத்தை எடுத்தாள். அவன் புத்தகத்தைப் பையில் வைத்தான். சாவியை எடுத்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது முதல் துளிகள் நடைபாதைச் சுவரில் விழுந்தன.

"மழ வருது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். அவன் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து, புத்தகத்தை வெளியே எடுத்து, நன்றாகச் சுற்றி, முனைகளை உள்ளே மடித்து, மறுபடி வைத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

அவன் மழையங்கி மாட்டாமல் கீழே இறங்கினான்.